மாசி தாண்டி நின்ன புல்லு

தம்பி, அந்தப் பையை இப்பிடிக் குடுங்க, மடியில வெச்சுக்கறேன். ஏனுங்க, கழுத்துல அட்டை தொங்குதே, நீங்க அந்தப் புல்லு அளக்கற கூட்டமுங்களா? இல்லீங்களா? செல்போன் டவர் வேலைங்களா. அப்பச் செரி, நல்லா உக்காருங்க. புல்லு அளக்கறவனா இருந்திருந்தா நான் எந்திரிச்சு நின்னுக்கிட்டே வந்திருப்பேன்.

ஆமாங்க, புல்லுத்தான். மாடு திங்கற புல்லு. அதை அளக்கறதுக்குன்னு ஒரு படிப்பு. அந்தப் படிப்புக்கு ஒரு ஆபீசு. அந்த ஆபீசுக்கு ஒரு கோலு, கோலு முனையில ஒரு பெட்டி. நாடு எங்க போயி நிக்குது பாத்துக்குங்க.

நான் காங்கேயத்துப் பக்கம். தாராபுரத்துல எறங்கி இந்த டவுன் பஸ் மாறியிருக்கறேன். மச்சான் ஊருக்குப் போறேனுங்க, ஊட்டுக்காரியைக் கூட்டியாறதுக்கு. சாமியாத்தான்னு பேரு. மார்கழியில ஆறு மாட்டை ஓட்டிக்கிட்டு அவங்கண்ணன் ஊட்டுக்குப் போனவ, இப்ப வைகாசி. கோவிச்சுக்கிட்டுப் போறதுக்கும் ஒரு மட்டு மருவாதி வேண்டாமுங்களா? பொட்டியத் தூக்கிக்கிட்டுப் போறவளைப் பாத்திருக்கறேன். மாட்டை ஓட்டிக்கிட்டுப் போறவளை நீங்க எங்கியாச்சும் பாத்திருக்கறீங்களா?

எல்லாம் அந்தக் கோலுனால வந்த வெனை.

கொறங்காடுன்னா தெரியுமுங்களா உங்களுக்கு? டவர்காரருக்கு எங்க தெரியப் போகுது. மேய்ச்சல் காடுங்க. உழுகறதில்ல, வெதைக்கறதில்ல. சுத்தியும் கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க வெள்வேலா மரம். காலைல மாட்டை உள்ள உட்டு கேட்டைச் சாத்திட்டா, பொழுது எறங்கறப்ப அதுகளே வந்து கேட்டுகிட்ட நிக்கும். என்ர காடு பன்னண்டு ஏக்கரா. பத்து மாடு. அத்தனையும் காங்கேயம். கொம்பைப் பாத்தாலே நாலு ஊருக்காரன் நின்னு பாத்துட்டுப் போவான். பத்துல ஒண்ணைக் கொறைன்னு எவனாவது சொன்னா எனக்குக் கோவம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்க.

போன கார்த்திகையில அந்தப் புள்ளை வந்துச்சு. ஸ்கூட்டர்ல, தலையில தொப்பி, தோள்ல கோலு. ஜெனிட்டான்னு பேராம். நாகர்கோவில் பக்கமாம். எதைப் பேசுனாலும் கடைசியில ஒரு 'ஆக்கும்' போடும். "ஐயா, நான் புல்லு அளக்க வந்திருக்கேனாக்கும்"னு வாசல்ல வந்து நிக்குது. நெலத்தை அளப்பாங்க, பாலை அளப்பாங்க. புல்லை அளக்கறதுன்னா என்ன அம்மிணி, நூலு போட்டு அளப்பியா, படியில அளப்பியான்னு கேட்டேன். பக்கத்துக் காட்டுக் காளியண்ணனும் கூட இருந்தான். ரெண்டு பேரும் உளுந்து உளுந்து சிரிச்சோம். அந்தப் புள்ளையும் கூடவே சிரிச்சுது. ரோசம் கெடையாது. படிச்சதுகளுக்கு அது ஒண்ணு.

சாமியாத்தா மோரு கொண்டாந்து குடுத்தா. எனக்கே தண்ணியா ஊத்தறவ, அந்தப் புள்ளைக்குக் கட்டி மோரு, கறிவேப்பிலை எல்லாம் கிள்ளிப் போட்டு.

அந்தக் கோலைப் பத்திச் சொல்றேன், கேளுங்க. இடுப்பு ஒசரத்துல புடிச்சுக்கிட்டு பொத்தானை அமுத்தறது. கீழ புல்லு மேல ஒரு வெளிச்சம் அடிக்குது. பாதி வெளிச்சம் கண்ணுக்குத் தெரியுமாம், பாதி தெரியாதாம். புல்லு அதைத் திருப்பி அனுப்புமாம், எவ்வளவு திருப்பி அனுப்புதோ அதை வெச்சுக்கிட்டு எலை எவ்வளவு இருக்குதுன்னு பெட்டி ஒரு நம்பரைக் காட்டுமாம். கோல்ல இன்னொரு பெட்டி இருக்குது, அது புல்லோட ஒசரத்தைப் பாக்குதாம். வௌவாலு சத்தம் போட்டு வழி பாக்கறாப்பல அது சத்தம் உட்டுப் பாக்குதாம். நமக்குக் காதுல ஒண்ணும் கேக்காது. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், காதுல கேக்காத சத்தம். பேய் ஓட்டறவன்கூட இத்தனை பொய் சொல்ல மாட்டான்.

நான் உடுவனா? எங்க கொறங்காட்டு கேட்டு இரும்பு கேட்டு, பச்சை பெயிண்ட் அடிச்சது. "அம்மிணி, கோலை இங்க காட்டு"ன்னேன். காட்டுச்சு. நம்பர் ஒண்ணும் ஏறல. பக்கத்துல வாடிக் கெடந்த ஒரு குத்துப் புல்லைக் காட்டுச்சு, அதுக்கு ஏறுது. "பாத்தியா? பச்சைப் பசேல்னு நிக்கற கேட்டு உம்பட மெஷினுக்குத் தெரியல. குருட்டு மெஷினு"ன்னேன். அது என்ன சொல்லுச்சு தெரியுமுங்களா? "ஐயா, இது நெறத்தைப் பாக்கல்ல, உயிருள்ள எலையைப் பாக்குதாக்கும். கேட்டுக்கு உயிரில்லையே"ங்குது. தோத்தவங்க பேசற பேச்சு. காளியண்ணன் கைதட்டிச் சிரிச்சான். அன்னிக்கே அந்த மெஷினோட யோக்கியதை எனக்குத் தெரிஞ்சு போச்சு.

அதோட உடல நான். "செரி, காட்டுல தும்பை கெடக்குது, துத்தி கெடக்குது, மாடு வாய் வைக்காத பூண்டு அத்தனை கெடக்குது. அதுவும் எலைதானே, அதையும் புல்லுன்னு சேத்துக்குமா உம்பட பெட்டி?"ன்னேன். நல்ல கேள்விங்களா இல்லீங்களா? "நல்ல கேள்வி ஐயா"ன்னு அதுவே சொல்லுச்சு. சொல்லிப்போட்டு ஒரு இரும்புச் சட்டத்தை எடுத்துச்சு, சதுரமா, ஜன்னலாட்டம். காட்டுல அங்கொண்ணு இங்கொண்ணு எடத்துல அதைப் போட்டு, மொதல்ல கோல்ல அளந்துட்டு, அப்பறம் சட்டத்துக்குள்ள இருக்கறதை ஒட்ட அறுத்து, மாடு திங்கறது தனி, திங்காதது தனின்னு பிரிச்சு பையில போட்டுக்கிச்சு. கரண்டு அடுப்புல காய வெச்சு எடை போடுவாங்களாம். அந்த எடையையும் பெட்டி காட்டுன நம்பரையும் ஒத்துப் பாத்தா, அப்பறம் காடு பூராவும் அறுக்க வேண்டியதில்ல, கோலை வெச்சே கணக்குச் சொல்லீரலாமாம். அறுத்து எடை போடறதுன்னா எதுக்கு கோலு? கோலு இருக்குதுன்னா எதுக்கு அறுக்கறது? கேட்டேன். பதில் சொல்லுச்சு. நான் காதுல வாங்கல.

சாமியாத்தா வாங்குனா. எலை பிரிக்கறதுக்குன்னு போயி குத்த வெச்சு உக்காந்தவ, பொழுது சாயற வரைக்கும் எந்திரிக்கல. எந்தப் பூண்டை எந்த மாடு திங்கும், எது எளங்குருத்தா இருக்கறப்ப மட்டும் திங்கும்னு அந்தப் புள்ளைக்கு இவ சொல்றா. கோலை எப்பிடிப் புடிக்கறது, நெழலு உளுகாம எப்பிடி நிக்கறதுன்னு இவளுக்கு அது சொல்லுது. கடைசியில பாத்தா கோலு இவ கையில இருக்குது. சீலையை இழுத்துச் சொருகிக்கிட்டு, பெட்டியைப் பாத்துக்கிட்டே என்ர காட்டுக்குள்ள நடக்கறா. ஏழாவதைத் தாண்டாதவ. எனக்கு வந்த வெக்கத்தைச் சொல்லி முடியாது. இட்டேரித் தடத்துல போறவன் வர்றவனெல்லாம் வேலிக்கு மேல எட்டிப் பாக்கறான்.

இருங்க, வெயிலு உங்க பக்கம் அடிக்குது, அந்த ஜன்னல் தகரத்தை எறக்கி உடுங்க. ஆங்.

அப்பறம் ஒரு நாள் அந்தப் புள்ளை கணக்கோட வந்துச்சு. காளியண்ணனுக்கும் எனக்கும் சேத்துத்தான் சொல்லுச்சு. அவனுக்கும் என்னளவு காடு, என்னளவு மாடு. "ஐயா, மழை கொறஞ்சு போச்சு. பாக்கறதுக்குப் பச்சையா இருக்கு, ஆனா புல்லு கட்டையா இருக்கு, அடர்த்தி இல்லை. பத்து மாட்டுக்கு இது மாசி வரைக்குந்தான் தாங்கும். அதுக்கு மேல விட்டா வேரைக் கரம்பிரும், அடுத்த மழைக்குத் தளிர்க்காது. ஆறு மாட்டை வேற எங்கயாவது மாத்துனீங்கன்னா, மிச்சம் நாலுக்கு கோடை மழை வரைக்கும் வந்துரும்"ங்குது.

மாத்தறதாமா. ஆறை. சட்டியா பானையா, எடுத்து மாத்தி வைக்கறதுக்கு?

எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. கோலை அது கையில இருந்து வாங்குனேன். வாங்குனேன்னா, புடுங்குனேன்னு வெச்சுக்குங்களேன். அந்தப் புள்ளை தலைக்கு மேல நேராப் புடிச்சேன். "இங்க எவ்வளவு விளைஞ்சிருக்குதுன்னு பாக்கலாம் அம்மிணி"ன்னேன். காளியண்ணன் சிரிக்கறான் பாருங்க, தரையில உக்காந்துட்டான். அந்தப் புள்ளை மட்டும் தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு அப்பிடியே நின்னுச்சு. கண்ணு கலங்குச்சுன்னு சாமியாத்தா அப்பறமாச் சொன்னா. எனக்கொண்ணும் தெரியல. வெயில்ல நின்னா எல்லாத்துக்கும் கண்ணு கலங்கத்தான் செய்யும்.

சாமியாத்தா வந்து கோலை என்ர கையில இருந்து எடுத்தா. முந்தானையில அந்தப் பெட்டியைத் தொடைச்சு, அந்தப் புள்ளைகிட்டக் குடுத்தா. நான் தொட்ட எடத்தைத் தொடைக்கறாளாம். அத்தனை வருசம் சோறு போட்டவன் தொட்ட எடத்தை.

அன்னிக்கு ஆரமிச்சுதுங்க. சோறு போட்டா புல்லு, தண்ணி குடுத்தா புல்லு. "அந்தப் புள்ளை சொன்னது செரிதானுங்க. நானே கோலைப் புடிச்சுப் பாத்தேனில்ல. வேலியோரம் மட்டும் நல்லாருக்குது, நடுக்காட்டுல ஒண்ணுமில்ல. இந்த வருசம் சோளமும் வெளையல, தட்டுப் போரும் இல்ல. மாசியில எதைப் போடுவீங்க?" இதே பாட்டு. அவங்கண்ணன் ஊரு ஆத்தோரம், வாய்க்காத் தண்ணி இருக்குது, தீவனம் கெடைக்கும், ஆறை அங்க உட்டுப்போட்டு மழைக்கப்பறம் ஓட்டியாறலாங்கறா. அவ பேச்சு எங்க போயி முடியும்னு எனக்குத் தெரியாதா? பொம்பளை என்ன பேசுனாலும் கடைசியில அண்ணன் ஊட்டுலதான் வந்து நிக்கும்.

"என்ர காட்டுல எத்தனை மாடு மேயறதுன்னு நீ சொல்றியா? உங்கப்பன் ஊட்டுல இருந்து வாறப்ப ஒரு மாட்டையாவது ஓட்டிக்கிட்டு வந்தியாடி?"ன்னு கேட்டுப்போட்டேன்.

கேட்டிருக்கப்படாதுதான். தப்புன்னு சொல்லல. பேச்சுல ஒரு சின்ன ஓட்டை. ஏன்னா ஓட்டிக்கிட்டு வந்தா. கல்யாணத்துக்கு சாம்ப நெறத்துல ஒரு மயிலைப் பசு குடுத்தாங்க, கண்ணுக்குட்டியோட. அது ஒண்ணும் பெரிய மாடு இல்லீங்க, சாதாரண மாடு. அதோட வழியில வந்ததுதான் இந்தப் பத்துல ஆறு. அவளுக்கு அது எல்லாம் ஞாபகத்துல இருக்குது. எது எதோட கண்ணு, அதோட ஆத்தா யாரு, அதோட அம்மிச்சி யாருன்னு பொறந்தது பூராத்தையும் சொல்லுவா. மாட்டுக்கு வம்சம் சொல்றவ.

மக்யா நாள் காலைல நான் பல்லு வெளக்கிக்கிட்டு இருக்கறேன், கட்டுத்தரையில மணிச் சத்தம் கேக்குது. ஆறையும் அவுத்துட்டா. "என்னுதை நான் ஓட்டிக்கறனுங்க. உங்களுது நாலும் இருக்குது, காடும் இருக்குது. பாத்துக்குங்க"ன்னா. அவ்வளவுதான். ஒரு சத்தமில்ல, அழுகையில்ல. கையில ஒரு குச்சி, தோள்ல ஒரு துணிப்பை. இட்டேரியில ஆறு மாடும் முன்னால போகுது, இவ பின்னால போறா. குட்டை வரைக்கும் போயிட்டுத் திரும்பிருவான்னு இருந்தேன். குட்டையைத் தாண்டிட்டா. செரி, மெயின் ரோட்டைப் பாத்தா லாரிக்குப் பயந்து திரும்பிருவான்னு இருந்தேன். ரோட்டுல அவங்கண்ணன் டெம்போ வெச்சுக்கிட்டு நிக்கறான். மொதல்லயே போன் பண்ணியிருக்கறா. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க.

போனா போவட்டும். எனக்கென்ன. சோத்துக்கு நான் யாரையும் நம்பியில்ல. ரசம் வெப்பேன். எப்பவாச்சும் ரசம் வேண்டாம்னா கடையில புரோட்டா. ஒடம்பு கொஞ்சம் எளைச்ச மாதிரி தெரியுதுங்களா? அது வெயிலுக்கு. பிரசரு மாத்திரை திங்கறதுக்குத்தான் மறந்து போயிரும். அவ தண்ணியோட கொண்டாந்து கையில வெச்சுப் பழக்கம் பண்ணி உட்டுட்டா. அது அவ தப்பு.

மாடுகதான் சரியில்ல. மீதி நாலுல கறவை ஒண்ணுதான், என்ர வழியில வந்த வேறொரு மயிலை, அது என்னைக் கிட்ட உடல. நான் ஒக்காந்தா காலைத் தூக்குது. பாலைக் கண்ணே குடிச்சுக்கட்டும்னு உட்டுட்டேன். எனக்குத்தான் பால் காப்பி ஆகாதே.

இப்ப முக்கியமான கட்டத்துக்கு வர்றேன், நல்லாக் கேளுங்க.

மாசி வந்துச்சு. மாசி வரைக்குந்தான் தாங்கும்னு சொன்னாங்களா இல்லீங்களா? மாசி முடிஞ்சுது. என்ர காட்டுல புல்லு நிக்குது! காஞ்சு போயித்தான், ஆனா கணுக்காலுக்கு மேல நிக்குது. பங்குனி வந்துச்சு, நிக்குது. நான் தெனமும் காட்டு நடுவுல போயி நின்னு பாப்பேன். என்ர நாலு மாடும் கொழுகொழுன்னு இருக்குது, ஒரு எலும்பு தெரியல. எங்கடா உங்க மெஷினு? எங்கடா உங்க கணக்கு?

அந்தப் புள்ளைக்குப் போன் போட்டேன். உடுவனா? "ஏனம்மிணி, பங்குனி பாதி போச்சு. என்ர காட்டுல புல்லு அப்பிடியே நிக்குது. உம்பட கோலைக் கொண்டு போயி அடுப்புல வெச்சிரு"ன்னேன்.

அது கேக்குது, "ஐயா, இப்பம் எத்தனை மாடு மேயுது?"ன்னு.

"நாலு"ன்னேன்.

அப்பறம் "சந்தோசம் ஐயா. புல்லை வேரோட மேய விடாம பாத்துக்கிடுங்க"ன்னு சொல்லி வெச்சிருச்சு. தோல்வியை ஒத்துக்கற பக்குவம் கூட... ஏனுங்க தம்பி? எதுக்குச் சிரிக்கறீங்க? நான் என்ன சிரிப்புக் கதையா சொல்றேன்? போன்ல எதாச்சும் வந்துதுங்களா? இல்லையா? அப்பறம் எதுக்குச் சிரிக்கறீங்க? என்னமோ போங்க. இந்தக் காலத்துப் பசங்களுக்கு எங்க சிரிக்கறது, எங்க சிரிக்கக் கூடாதுன்னு தெரியறதில்ல.

காளியண்ணன் கதையைக் கேட்டா உங்களுக்குச் சிரிப்பு வராது. அவன் காடு மாசியிலயே மொட்டையாப் போச்சு. பத்து மாட்டையும் உட்டு மண்ணை நக்க வெச்சுட்டான். வேரு வரைக்கும் கரம்பியாச்சு. அப்பறம் வைக்கலுக்கு அலையறான், தட்டுக்கு அலையறான், எங்கயும் கெடைக்கல. பூரா மாட்டையும் ஓட்டிக்கிட்டுப் போயி வந்த வெலைக்குத் தள்ளிட்டு வந்தான். செவலைக் காளை ஒண்ணு வெச்சிருந்தான், ராசா மாதிரி இருக்கும். அதைக் கேரளா லாரியில ஏத்தறப்ப இவன் லாரி சக்கரத்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டானாம். நான் போகல. போயி என்ன சொல்றது? "புல்லை நிக்க வெக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு மாடு"ன்னு சொல்லத் தோணும், எதுக்கு அந்த நேரத்துல போயிச் சொல்றதுன்னுட்டு இருந்துட்டேன்.

ஒரே மழை, ஒரே மண்ணு, நடுவுல ஒரு வேலி. என்ர பக்கம் புல்லு, அவன் பக்கம் புழுதி. அதுக்குப் பேருதான் கைராசி.

சித்திரை கடைசியில மழை பேஞ்சுது, உங்க பக்கமும் பேஞ்சிருக்குமே. என்ர காடு அப்பிடியே தளுத்துக்கிச்சு. காளியண்ணன் காட்டுல ஒண்ணும் மொளைக்கல, முள்ளுதான் மொளைச்சிருக்குது. அவன் இப்பல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு என்ர காட்டைப் பாத்துக்கிட்டே நிப்பான். ஒரு நாள் கேட்டான். "ஏம்ப்பா, உம்பட ஊட்டுக்காரி மாட்டை ஓட்டிக்கிட்டுப் போகாம இருந்திருந்தா..."ன்னு ஆரமிச்சான். நான் கேட்டைச் சாத்திக்கிட்டு வந்துட்டேன். மாட்டைத் தோத்தவன் பேச்சைக் கேட்டுக்கிட்டு நிக்க எனக்கு வேற சோலி இல்லையா?

அந்தப் பேச்சு மண்டைக்குள்ள வந்து உக்காந்துக்கிச்சுங்க. ராஸ்கல்.

அவ எனக்குப் போன் பண்றதில்ல. காளியண்ணன் சம்சாரத்துக்குப் பண்ணுவா. மாத்திரை திங்கறாரா, மயிலை கறக்க உடுதா, புல்லு எவ்வளவு ஒசரம் நிக்குதுன்னு கேப்பாளாம். எங்கிட்டக் கேட்டா கொறைஞ்சு போயிருவா. அந்தம்மா சொல்லித்தான் எனக்கே இன்னொரு சங்கதி தெரியும். கேட்டா நீங்க நம்ப மாட்டீங்க. சாமியாத்தா இப்ப புல்லு அளக்கறாளாம். அந்த ஜெனிட்டா இவளைத் தன்கூட வேலைக்குச் சேத்துக்கிச்சாம். ஒரு கோலும் குடுத்திருக்குதாம். ஆத்தோரத்து ஊருகள்ல மேய்ச்சல் காடு வெச்சிருக்கறவன், ஆட்டுப் பட்டி போடறவன் எல்லாம் இவளைக் கூப்புட்டு, "இந்தக் காட்டுல எத்தனை உருப்படி உடலாம், எத்தனை நாளைக்குத் தாங்கும்"னு கேக்கறானுகளாம். ஆம்பளைங்க. மீசை வெச்ச ஆம்பளைங்க என்ர ஊட்டுக்காரிகிட்டப் போயி நிக்கறானுக. வெக்கங்கெட்ட சென்மங்க.

அதான் கெளம்பிட்டேன். போதும். மழை பேஞ்சாச்சு, புல்லு வந்தாச்சு, இனி என்ன சாக்கு?

என்ன சொல்லிக் கூப்புடுவீங்கன்னா கேக்கறீங்க? கூப்புடறது என்ன கூப்புடறது. வாசல்ல நின்னுக்கிட்டு, "போதும் நாடகம், கெளம்பு"ன்னு சொல்லுவேன். ...இல்ல, மச்சான் இருப்பான். அவன் முன்னாடி அப்பிடிச் சொன்னா அவனுக்கு எகத்தாளமாப் போயிரும். "உம்பட மெஷினு சொன்னது பலிக்கல, வந்து பாரு"ன்னு சொல்லலாம். அதுக்கு அவ ஒரு பார்வை பாப்பா. உங்களுக்கு அந்தப் பார்வை தெரியாது. "மயிலை என்னைக் கறக்க உட மாட்டேங்குது"ன்னு சொன்னா கெளம்பிருவா, மாடுன்னா உருகிருவா. ஆனா அது நான் எறங்கிப் போன மாதிரி ஆயிரும். காலைல இருந்து யோசிச்சுக்கிட்டே வர்றேன். காங்கேயத்துல ஏறுனப்ப நல்லா ஒரு வார்த்தை வெச்சிருந்தேன். பஸ் மாறுனதுல மறந்து போச்சு.

ஆறையும் ஒட்டுக்கா ஓட்டியாறதா, ரெண்டு மூணா ஓட்டியாறதா, அது வேற இருக்குது. இப்பத்தான் தளுத்த புல்லு. பத்தையும் உட்டா... சும்மா சொன்னேன். எனக்குத் தெரியாததா.

இந்தா வந்துருச்சு, இதுதான் மச்சான் ஊரு. பையைப் புடிங்க தம்பி, நான் எறங்கோணும். நல்லாப் போயிட்டு வாங்க. டவரு...

இருங்க. சித்தெ இருங்க. காலை நகத்தாதீங்க. என்னை மறைச்சாப்பல கொஞ்சம் முன்னால சாஞ்சு உக்காருங்க.

முன்பக்கப் படியில ஏறுது பாருங்க. ஊதாச் சீலை. அவதான்.

கையில பாத்தீங்களா? அதுதான் கோலு. பெட்டிக்கு மஞ்சத்துணி சுத்தியிருக்கறா. கூட்டத்துல இடிச்சிராம நெஞ்சோட அணைச்சுப் புடிச்சிருக்கறா பாருங்க. காலுல செருப்பு புதுசு. இத்தனை வருசத்துல எங்கிட்ட இருக்கறப்ப செருப்புப் போட மாட்டேன்னு அடம் புடிச்சவ. முள்ளு குத்துனா ஊக்கை எடுத்து அவளே புடுங்கிக்குவா.

அந்தப் பொண்ணு எந்திரிச்சு எடம் குடுக்குது. கண்டக்டரு என்ன சொல்றான், கேட்டுதுங்களா? "வாங்கம்மா, இன்னிக்கு எந்தக் காடு?"ங்கறான். ஒரு டவுன் பஸ் கண்டக்டர். அவ சிரிக்கறா. பல்லுத் தெரியச் சிரிக்கறா. எங்கிட்ட அப்பிடி... சத்தமாப் பேசாதீங்க. திரும்பிருவா.

நல்லாத்தான் இருக்கறா. எளைக்கல.

ஏன் எறங்கலீங்கறீங்களா? எறங்கி? அவ இந்த பஸ்ஸுல போறப்ப நான் எறங்கிப் போயி மச்சான் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதா? நல்லாருக்குதே உங்க ஞாயம். பஸ்ஸும் கெளம்பிருச்சு. நம்மளைக் கேட்டா கெளம்பறானுக.

ஏப்பா கண்டக்டரு. இப்பிடி வா. மெதுவா, மெதுவா, கத்தாத. என்ர ஸ்டாப்பு தாண்டிருச்சுன்னு எனக்குத் தெரியும், நீ சொல்ல வேண்டியதில்ல. இன்னொரு டிக்கெட்டு குடு. எந்த ஊருக்கா? அது எனக்கெப்பிடித் தெரியும்? அந்தா, முன்னால கோலு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறாங்களே, அந்தம்மா. அவிய எங்க எறங்கறாங்களோ, அந்த ஊருக்கு.